சரக்கு என்றைக்குக் கப்பல் ஏறியது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். எக்ஸ்போர்ட் ஆபீஸ், வங்கி, ஷிப்பிங் ஏஜென்சி என்று எங்கே வேலை பார்த்தாலும் இது உங்களுக்கானது. பனியன் கம்பெனி வைத்திருக்கும் நம் உறவினர்களும் கடைசிவரை படித்தால் சந்தோஷப்படுவேன்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு தம்பி ஒரு கேள்வி போட்டிருந்தார். எல்.சி.யில் கடைசி ஷிப்மென்ட் தேதி ஜூன் 30. கையில் உள்ள பி.எல். வழங்கப்பட்ட தேதி ஜூன் 28. அதே பி.எல்.லில் 'ஷிப்டு ஆன் போர்டு' என்று ஒரு முத்திரை, அதற்குள் ஜூலை 2. "பேங்க்ல லேட் ஷிப்மென்ட்னு சொல்றாங்க சார். பி.எல். தேதி 28தானுங்களே, இது நியாயமா?" என்பது கேள்வி.

பதில்கள் மளமளவென்று வந்தன. பாதிப் பேர் வங்கியைத் திட்டினார்கள். ஒருவர் மட்டும், "ஏஜென்ட்கிட்ட சொல்லி அந்த சீலை 30ன்னு மாத்தி வாங்கிக்கோ, எல்லாரும் பண்றதுதான்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வங்கி சொன்னது சரி. சீலை மாற்றி வாங்கு என்று சொன்னது தப்பு, ஆபத்தும்கூட. இந்த நிலைமை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு டாக்குமென்டேஷன் டேபிளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைவிட முதலாளிக்கே அதிகம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் விதி என்ன என்று பார்ப்போம். எல்.சி.க்களுக்கு உலகம் முழுக்க ஒரு பொது விதித்தொகுப்பு இருக்கிறது. பாரீஸில் உள்ள ஐ.சி.சி. என்ற சர்வதேச வர்த்தக சபை அதை 1933-ல் முதன்முதலாகக் கொண்டுவந்தது. இப்போது நடப்பில் இருப்பது யூ.சி.பி. 600. 2007 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. மொத்தம் 39 பிரிவுகள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் படித்து முடித்துவிடலாம். அதன் 5-ஆம் பிரிவு ஒரே வரியில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறது: வங்கிகள் கையாள்வது ஆவணங்களை, சரக்கை அல்ல.

இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. உங்கள் சரக்கு தூத்துக்குடிக்கு என்று லாரியில் கிளம்பியது, என்று கேட் உள்ளே போனது, என்று கிரேன் தூக்கியது என்பதெல்லாம் வங்கிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அது முயலாது. அதன் முன்னால் இருப்பது காகிதம் மட்டும். ஆகவே 'ஷிப்மென்ட் தேதி' என்பது அந்தக் காகிதத்திலிருந்து விதிப்படி எடுக்கப்படும் ஒரு தேதி. ஒவ்வொரு வகைக் காகிதத்துக்கும் அதை எடுக்கும் முறை கொஞ்சம் மாறும்.

கடல்வழி பி.எல். என்றால் 20-ஆம் பிரிவு. பி.எல். வழங்கப்பட்ட தேதிதான் ஷிப்மென்ட் தேதி. ஆனால் அதில் தேதியோடு ஆன் போர்டு குறிப்பு இருந்தால், அந்தக் குறிப்பில் உள்ள தேதிதான் ஷிப்மென்ட் தேதி. நம் தம்பியின் பி.எல்.லில் முத்திரை ஜூலை 2 என்கிறது. ஆக ஷிப்மென்ட் ஜூலை 2. வழங்கிய தேதி 28 என்பதால் ஒரு பயனும் இல்லை.

இதே விதி நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். பி.எல். ஜூலை 3-ஆம் தேதி வழங்கப்பட்டிருக்கிறது, முத்திரையில் ஜூன் 29 என்று இருக்கிறது என்று வையுங்கள். மேலே உள்ள 3-ஐப் பார்த்துப் பதறி அமெண்ட்மென்ட் கேட்டு ஓடுகிறவர்கள் உண்டு. தேவையே இல்லை. ஷிப்மென்ட் ஜூன் 29, எல்.சி.க்கு உட்பட்டதுதான்.

பி.எல்.லில் அச்சடித்த வாசகத்தையும் படிக்க வேண்டும். 'கப்பலில் ஏற்றப்பட்டது' என்று அச்சிலேயே இருந்தால் ஒரு கதை. 'ஏற்றுவதற்காகப் பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று இருந்தால், தேதியோடு ஆன் போர்டு குறிப்பு கட்டாயம் வேண்டும். கப்பலின் பெயருக்குப் பக்கத்தில் 'உத்தேசக் கப்பல்' என்று இருந்தாலும், உண்மையில் ஏறிய கப்பலின் பெயரோடும் தேதியோடும் குறிப்பு வேண்டும்.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் அடுத்தது. திருப்பூர்ச் சரக்கு பெரும்பாலும் தூத்துக்குடியில் ஃபீடர் கப்பலில் ஏறிக் கொழும்பு போய், அங்கே தாய்க்கப்பலுக்கு மாறும். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கம்பெனி தொடங்கிக் கப்பல் விட்டாரே, அதே கடல்வழி. எல்.சி.யில் ஏற்றுமதித் துறைமுகம் தூத்துக்குடி என்று இருக்கும். ஆனால் சில பி.எல்.களில் ஃபீடரின் பெயரை முன்பயணக் கட்டத்தில் போட்டுவிட்டு, ஆன் போர்டு முத்திரையில் தாய்க்கப்பலின் பெயரையும் கொழும்பில் ஏறிய தேதியையும் போட்டிருப்பார்கள். அது செல்லாது. எல்.சி. எந்தத் துறைமுகத்தைச் சொல்கிறதோ அந்தத் துறைமுகத்தில் ஏறிய தேதிதான் கணக்கு. கன்டெய்னரை இங்கேயே ஐ.சி.டி.யில் ஒப்படைத்திருந்தாலும் இதே கவனம் வேண்டும். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எந்த நாள் என்ற மூன்றும் அந்தக் குறிப்பிலேயே இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். டிராஃப்ட் பி.எல். வரும்போதே கேட்டால் ஏஜென்ட் தடையில்லாமல் போட்டுத் தருவார். ஒரிஜினல் அடித்த பிறகு கேட்டால் நாலு நாள் அலையவிடுவார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விமானம் என்றால் 23-ஆம் பிரிவு: ஏர்வே பில் வழங்கிய தேதிதான் ஷிப்மென்ட் தேதி, உண்மையில் அனுப்பிய தேதி என்று தனிக் குறிப்பு இருந்தால் அந்தத் தேதி. ஃபிளைட் எண்ணும் தேதியும் எழுதும் கட்டம் இருக்கிறதே, அதை வங்கி கணக்கிலேயே எடுக்கக் கூடாது. கூரியர் என்றால் அவர்கள் வாங்கிக்கொண்ட தேதி. லாரி, ரயில் என்றால் பெற்றுக்கொண்ட முத்திரைத் தேதி, அது இல்லாவிட்டால் வழங்கிய தேதி. ஒரே கப்பலில் ஒரே பயணத்துக்கு இரண்டு மூன்று செட் பி.எல். வாங்கி, சேர்த்துத் தாக்கல் செய்தால், அவற்றில் கடைசித் தேதி எதுவோ அதுதான் ஷிப்மென்ட் தேதி.

இந்த ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற தேதிகள் எல்லாம் வருகின்றன. எல்.சி.யில் வேறு கெடு சொல்லாவிட்டால், ஷிப்மென்ட் தேதியிலிருந்து 21 நாளுக்குள் ஆவணங்களை வங்கியில் கொடுத்தாக வேண்டும், எல்.சி. காலாவதி ஆவதற்குள்ளும் கொடுத்தாக வேண்டும். ஜூன் 29 ஷிப்மென்ட் என்றால் ஜூலை 20 கடைசி. எல்.சி. ஜூலை 15-ல் முடிந்தால் 15-தான் கடைசி. பணம் 'பி.எல். தேதியிலிருந்து 90 நாள்' என்று இருந்தால், அந்த 90-ம் ஆன் போர்டு தேதியிலிருந்துதான் ஓடும். ஜூன் 29-க்கு அது செப்டம்பர் 27.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. காலாவதித் தேதி வங்கி விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாள்வரை நீளும். ஆனால் கடைசி ஷிப்மென்ட் தேதி நீளவே நீளாது. 29-ஆம் பிரிவில் தெளிவாக எழுதியிருக்கிறது. பொங்கலும் தீபாவளியும் வங்கிக்குத்தான் விடுமுறை, கப்பலுக்கு இல்லை. வார்த்தைகளையும் கவனியுங்கள். 'ஜூன் 30 வரை' என்றால் 30 சேரும். 'ஜூன் 30-க்கு முன்' என்றால் 30 சேராது. 'ஜூன் 30 அல்லது அதையொட்டி' என்றால் முன்னும் பின்னும் ஐந்து நாள், அதாவது ஜூன் 25 முதல் ஜூலை 5 வரை.

சரி, விதி போதும். இனி மனுஷ விஷயத்துக்கு வருகிறேன்.

என் மைத்துனர் கம்பெனி வைத்திருக்கிறவர். இதைப் பற்றிப் பேசும்போது அவர் கேட்டார்: "ஏனுங்க மாமா, சரக்கு நல்ல சரக்கு. பையரும் வாங்கிக்கறான். ரெண்டு நாள் முன்ன பின்ன சீல் போட்டா யாருக்கு நஷ்டம்?" இதைக் கேட்காத முதலாளி இருக்க மாட்டார். கேள்வியில் ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் தெரியும். ஆகவே கோபப்படாமல் பதில் சொல்கிறேன்.

அந்தத் தேதியைப் பார்த்துத்தான் வங்கி பணம் தருகிறது. அந்தத் தேதியை வைத்துத்தான் வட்டி ஓடுகிறது. அதை நம்பித்தான் வாங்குகிறவன் தன் கடையில் சீசன் சரக்கை எப்போது அடுக்கலாம் என்று திட்டமிடுகிறான். ஒன்றையொன்று முகம் பார்க்காத இருவர் இரண்டு கண்டங்களில் உட்கார்ந்து வியாபாரம் செய்ய முடிகிறது என்றால், அதற்குக் காரணம் அந்தக் காகிதம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கை. சரக்கைப் பார்க்காமலே பணம் கொடு என்று வங்கிக்கு நாம் சொல்கிறோம். அப்படிச் சொல்லிவிட்டு, அது பார்க்கிற ஒரே பொருளான காகிதத்தில் பொய்யை எழுதுவது எப்படி நியாயமாகும்? கடைக்காரரின் எடைக்கல்லில் கால் கிலோ குறைந்தால் நாம் சும்மா இருப்போமா? தேதியும் ஒரு எடைக்கல்தான்.

இதில் இரண்டு வழக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் இங்கிலாந்தின் உச்சபட்ச நீதிமன்றமாக அப்போதிருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னவை.

முதல் வழக்கு 1976-ல் நடந்த ஷிப்மென்ட் பற்றியது. கண்ணாடி இழை தயாரிக்கும் இயந்திரம், இங்கிலாந்திலிருந்து பெரு நாட்டுக்கு. எல்.சி.யில் கடைசித் தேதி டிசம்பர் 15. ஃபெலிக்ஸ்டோ துறைமுகத்தில் 'அமெரிக்கன் அக்கார்டு' என்ற கப்பலில் சரக்கு ஏறியது டிசம்பர் 16. ஒரே ஒரு நாள்தான் தாமதம். ஏற்றுமதிக்கு ஏற்பாடு செய்த புரோக்கர் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், விற்றவருக்குத் தெரியாமலே, 15 என்று போட்டுக் கொடுத்துவிட்டார். வங்கி பணம் தர மறுத்தது. 1982-ல் தீர்ப்பு வந்தது: பொய்யில் விற்றவருக்குப் பங்கில்லை, அவர் அதை அறியவும் இல்லை, ஆகவே அந்தக் காரணம் சொல்லி வங்கி பணத்தை மறுக்க முடியாது.

மைத்துனர் இதைக் கேட்டதும், "பாத்தீங்களா, காசு வந்துருச்சே!" என்றார். வந்தது உண்மை. ஏன் வந்தது? விற்றவருக்குத் தெரியாது என்பதால் வந்தது. ஏஜென்டுக்குப் போன் போட்டு நீங்களே கேட்டு வாங்கிய பிறகு, 'எனக்குத் தெரியாது' என்று எந்த முகத்தோடு சொல்வீர்கள்?

இரண்டாவது வழக்கு அதற்குத்தான் பதில். 1993-ல் ஈரானிலிருந்து வியட்நாமுக்கு பிட்டுமென், அதாவது ரோடு போடும் தார் போகிறது. அக்டோபரில் ஏற வேண்டிய சரக்கு தாமதமாக ஏறியது. பி.எல்.லில் மட்டும் முந்தைய தேதி. இந்த முறை விற்ற கம்பெனியின் நிர்வாக இயக்குநருக்கு விஷயம் தெரியும். ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி அந்த ஆவணங்களை நம்பிப் பணம் கொடுத்தது. 'நான் கம்பெனிக்காகத்தான் செய்தேன், கம்பெனியைக் கேளுங்கள்' என்று அந்த இயக்குநர் வாதிட்டார். 2002-ல் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. பொய் சொன்ன வாய் அவருடையது, ஆகவே அவரே தனிப்பட்ட முறையில் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. லிமிடெட் கம்பெனி என்ற குடை மோசடி மழைக்குத் தாங்காது. இதே வழக்கில் இன்னொரு பாடமும் உண்டு. கெடு தாண்டி வந்த ஆவணங்களை, நேரத்துக்கு வந்ததாக அந்த வங்கியும் வியட்நாம் வங்கிக்கு எழுதியிருந்தது. வியட்நாம் வங்கியோ ஆவணக் குறைகளைக் காட்டிப் பணம் தர மறுத்துவிட்டது. ஒரு பொய் எத்தனை பேரை இழுத்துக்கொண்டு போகிறது பாருங்கள்.

ஏஜென்டுக்கு 'இன்டெம்னிட்டி லெட்டர்' கொடுத்துவிட்டால் அவர் பயப்பட மாட்டார் என்பார்கள். 1957-லேயே ஓர் ஆங்கில வழக்கில், ஒழுகும் பீப்பாய்களில் இருந்த ஆரஞ்சு ஜூஸுக்கு 'சேதமில்லை' என்று பி.எல். வாங்கக் கொடுத்த உத்தரவாதக் கடிதம் செல்லாது என்று தீர்ப்பாகியிருக்கிறது. தெரிந்தே எழுதிய பொய்க்குக் கொடுத்த உத்தரவாதத்தை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது.

போதாததற்கு, இது 1976 இல்லை. கன்டெய்னர் எண்ணைப் போட்டால் எந்த நாள் எந்தக் கப்பலில் ஏறியது என்று ஹாம்பர்க்கில் உட்கார்ந்திருக்கும் பையரின் ஆள் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவான். வங்கி பார்க்காது என்பதற்காக உலகமே பார்க்காது என்று நினைக்க வேண்டாம்.

இதையெல்லாம் ஏட்டுப்படிப்பாகச் சொல்லவில்லை. என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படித்த ஒரு பெண் சில வருடங்களுக்கு முன் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தாள். ஒரு கம்பெனியில் டாக்குமென்டேஷன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷிப்மென்ட் இரண்டு நாள் தாமதம். "ஏஜென்ட்கிட்ட பேசி 30 போட்டு வாங்கிரும்மா" என்று முதலாளி சொல்லிவிட்டுப் போய்விட்டார். "நான் கேக்க மாட்டேன்னு சொன்னா வேலை போயிருமுங்க சார். கேட்டா, மெயில் என் பேர்லதானுங்க போகும்" என்றாள். பயம் எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பெண் அழகாகச் சொல்லிவிட்டாள். லாபம் ஒருவருக்கு, கையெழுத்து இன்னொருவருக்கு.

நான் அவளிடம் சொன்னது இதுதான். "நேர் வழி இரண்டு இருக்குதம்மா. பையரிடம் பேசி, தேதியை நீட்டி அமெண்ட்மென்ட் வாங்கச் சொல். அதற்கு நேரம் இல்லை என்றால், உண்மைத் தேதியோடு ஆவணங்களைக் கொடு. வங்கி குறை என்று சொல்லும். சொல்லட்டும். எல்.சி. திறந்த வங்கி விரும்பினால் பையரைக் கேட்டு, அவர் சம்மதத்தோடு பணம் தர 16-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. இதை அப்படியே முதலாளிக்கு மரியாதையாக ஒரு மெயிலாக எழுது." எழுதினாள். பையர் தள்ளுபடி கேட்டு வாங்கிக்கொண்டு ஆவணங்களை ஏற்றார். வங்கி குறைக்கட்டணம் பிடித்தது. கம்பெனிக்குப் பணம் வந்தது, கொஞ்சம் குறைவாக வந்தது. அந்தக் குறைவுக்கு அவள்மேல்தான் முகம் சுளித்தார்கள். சில மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போனாள், சம்பளம் முதலில் குறைவுதான். ஆனால் அவள் பெயரில் எங்கேயும் ஒரு பொய்க் காகிதம் இல்லை. அவளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

முதலாளிகளாக இருக்கும் உறவினர்களுக்கு என் வேண்டுகோள் இது. எல்.சி. வந்த அன்றே அதை டாக்குமென்டேஷன் பார்ப்பவர் கையில் கொடுங்கள். 44சி என்ற இடத்தில் கடைசி ஷிப்மென்ட் தேதி இருக்கும், 31டி-யில் காலாவதி, 48-ல் ஆவணக் கெடு, 44இ-யில் துறைமுகம். இந்த நாலையும் உற்பத்தி மேலாளர், ஏஜென்ட், டாக்குமென்டேஷன் ஆள் மூவரையும் உட்காரவைத்துப் பாருங்கள். டையிங்கில் நாலு நாள் இழுக்கும் என்று அன்றைக்கே தெரிந்தால் அன்றைக்கே அமெண்ட்மென்ட் கேளுங்கள். அன்றைக்குக் கேட்டால் அது சாதாரண வேண்டுகோள். கெடு முடிந்தபின் கேட்டால் தள்ளுபடி கேட்கப் பையருக்கு நீங்களே வாய்ப்புக் கொடுத்ததாகும்.

இன்னொன்று. கன்டெய்னரை ஐ.சி.டி.யில் ஒப்படைத்த பிறகு ஃபீடர் என்று வரும் என்பது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இல்லாத தேதிக்கு நீங்கள் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? பழக்க தோஷத்தில் எல்லாவற்றுக்கும் எஃப்.ஓ.பி. போடுகிறோம். கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.சி.ஏ. பொருத்தம் என்று ஐ.சி.சி.யே சொல்கிறது. எல்.சி.யில் கூட்டுப் போக்குவரத்து ஆவணம் கேட்கும்படியும், சரக்கை ஒப்படைக்கும் இடம் ஐ.சி.டி. என்றும் இருந்தால், 19-ஆம் பிரிவின்படி அங்கே பெற்றுக்கொண்ட தேதியே ஷிப்மென்ட் தேதியாக வாய்ப்பு இருக்கிறது. எல்லாப் பையரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆர்டர் பேசும்போதே கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

இப்போது பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்.சி. என்றால் என்ன, அதன் வகைகள் யாவை என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்து பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். ஒரு பி.எல். எப்படி இருக்கும் என்று பார்க்காமலே பி.காம். முடிக்கிறவர்கள் உண்டு. பெயர்களை மறைத்து நாலு பழைய பி.எல். நகல்களை வகுப்பில் கொடுத்து, "இதில் ஷிப்மென்ட் தேதி எது?" என்று கேளுங்கள். ஒரு பீரியட் போதும்.

வேலைக்குப் போயிருக்கும் என் பிள்ளைகளுக்குக் கடைசியாக. பி.எல். கைக்கு வந்ததும் மேலே உள்ள தேதியோடு நிறுத்தாமல் முத்திரையைத் தேடிப் படியுங்கள். தேதி தப்பாக இருந்தால் திருத்தக் கேளுங்கள். சரக்கு உண்மையாகவே 29-ல் ஏறி, கைத்தவறாக 2 என்று விழுந்திருந்தால், அதைத் திருத்தி வாங்குவது உங்கள் உரிமை. உண்மையாகவே 2-ல் ஏறியிருந்தால் அதைத் தொடாதீர்கள். யார் சொன்னாலும் தொடாதீர்கள். அப்படிச் சொல்லும் இடத்தில் தனியாக மாட்டிக்கொண்டால் எனக்குப் போன் செய்யுங்கள். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அந்தச் சிரிப்புப் பொம்மை போட்ட தம்பி இதைப் படிப்பார் என்று தெரியும். கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம். கேள்வி கேட்ட தம்பி இன்றைக்கே பையருக்கு மெயில் போடவும்.

 ஏற்றுமதி ஆபீஸில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் அனுப்பிவையுங்கள்.